ரொம்பத் தேவலைங்க

சென்னியப்பனின் நகல் அதுவரை அறுபது வைத்தியங்களைப் பார்த்துவிட்டது. அறுபதுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தது: "கொஞ்சம் தேவலைங்க." அறுபத்தொன்றாவதற்கு மட்டும், "ரொம்பத் தேவலைங்க" என்றது.

டாக்டர் ஷெரின் அந்த வரியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நாகர்கோவில்காரப் பெண்மணி, நாற்பது வயதுக்குள் இருப்பார், சிரிப்பதற்குக்கூட யோசிக்கிற ஆள். அவருக்கே அன்று கண் கலங்கியிருந்தது. நான்கு வருட ஆராய்ச்சியில் வந்த முதல் 'ரொம்ப' அது. அந்த 'ரொம்ப' எங்கிருந்து வந்தது என்பது உலகத்திலேயே சென்னியப்பன் ஒருவருக்குத்தான் தெரியும்.

விஷயம் புரிய வேண்டுமென்றால் மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

மகள் நிவேதாவின் பிரசவத்துக்காகச் சென்னியப்பனும் அவர் மனைவி கோகிலவாணியும் கோயமுத்தூரிலிருந்து அமெரிக்கா போனார்கள். கனெக்டிகட்டில் ஆறு மாதம். பேரன் தூங்குகிற நேரத்தில் இருவரும் நடக்கப் போவார்கள். ஒருநாள் காட்டோரப் புதரில் மணத்தக்காளி காய்த்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் ஊரில் வத்தக்குழம்புக்கு வழி பிறந்த சந்தோஷத்தில், இடுப்பளவு புல்லுக்குள் இறங்கிப் பை நிறையப் பறித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சென்னியப்பனின் தொடையில் வட்டமாகச் சிவந்தது. எள்ளளவு உண்ணி ஒன்று கடித்து, லைம் என்ற நோயைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அன்றே மகளிடம் காட்டியிருந்தால் மூன்று வாரம் மாத்திரையோடு முடிந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு எதற்கு வெசனம் என்று தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, "எனக்கென்ன கண்ணு, நல்லாருக்கேன்" என்றார்.

ஊர் திரும்பி எட்டு மாதம் கழித்துத்தான் நோய்க்குப் பெயரே தெரிந்தது. ஊசி போட்டார்கள், கிருமி செத்தது. வலி சாகவில்லை. மூட்டெல்லாம் குடைச்சல், குளிக்கப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வைக்கிற அசதி, பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவிப்போகிற மறதி. ரத்தப் பரிசோதனையோ, பெண் பார்க்க அனுப்பலாம் என்கிற அளவுக்குச் சுத்தம். 'எல்லாம் நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த நார்மலான மனிதர் வீட்டுக்கு வந்து, பேரனின் பெயர் என்ன என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரி கைவிட்டாலும் ஒறம்பரை கைவிடுமா? கொங்கு நாட்டில் நலம் விசாரிக்க வருகிற உறவுக்காரர் வெறுங்கையோடு வருவதில்லை. ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு வைத்தியமும் கொண்டுவருவார். காங்கயத்து மாமன் நிலவேம்பும் சீந்தில் கொடியும் போட்ட கஷாயத்தோடு வந்தார். அன்னூர் அக்கா முழங்காலுக்குச் சேற்றுப் பத்துப் போட்டாள். பக்கத்து ஃப்ளாட்காரர், வெளிநாட்டில் இந்த நோய்க்காரர்கள் என்னென்ன செய்துகொள்கிறார்கள் என்பதையெல்லாம் இணையத்தில் படித்துவிட்டு, ரத்தத்தில் ஓசோன் ஏற்றுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். பிறகு அகச்சிவப்பு வெப்பப் பெட்டி. அதில் அவரை இட்லி மாதிரி அவித்து எடுத்தார்கள். "உண்ணியா? அது மாட்டுக்கல்லவா வரும்?" என்று சந்தேகப்பட்டவர்கள்கூட ஒரு மாட்டு வைத்தியரின் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். கோகிலவாணி கஷாயப் புட்டிகளை வரிசையாக அடுக்கி வைப்பாள். மூடியைத் திறக்க மட்டும் அவரிடமே நீட்டுவாள். புருஷன் என்கிற மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சென்னியப்பன் குடித்தார், பூசிக்கொண்டார், வெந்தார். அடுத்த வாரம் அவர்கள் போன் செய்து, "மேலுக்கு எப்படியிருக்குதுங்க?" என்று கேட்டால், "இப்பக் கொஞ்சம் தேவலைங்க" என்பார். அவர்கள் மனசு சங்கடப்படக் கூடாதே. வேடிக்கை என்னவென்றால், மனிதர் முப்பது வருடம் நூல் மில்லில் தரக்கட்டுப்பாடு பார்த்தவர். முதலாளியின் மச்சான் அனுப்பிய பஞ்சானாலும், நூல் அறுந்தால் அறுந்தது என்று எழுதியவர். நூலைப் பற்றி அவர் ஒரு பொய் சொன்னதில்லை. தன் உடம்பைப் பற்றி ஒரு உண்மை சொன்னதில்லை. இதை அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார், கேட்க ஆளில்லாதபோது.

அப்போதுதான் காளப்பட்டியில் டாக்டர் ஷெரினின் ஆய்வகம் இருப்பது தெரியவந்தது.

"உங்க உடம்ப முழுசா அளந்து, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு நகல் செய்வோம் சார்," என்று முதல் நாளே விளக்கினார் ஷெரின். "நரம்பு, மூட்டு, ரத்தம், எல்லாம் உங்களுக்கு இருக்கிற மாதிரியே. எந்த வைத்தியமானாலும் முதல்ல அதுக்குக் குடுத்துப் பாப்போம். உங்களுக்குக் குடுத்தா ஒண்ணுக்கு மூணு மாசம் காத்திருக்கணும். அதுக்கு ஒரு மத்தியானம் போதும். முடிஞ்சதும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அடுத்தத ஆரம்பிப்போம். முந்தினது எதுவும் அதுக்கு ஞாபகம் இருக்காது."

"அப்ப அது வெறும் படந்தானுங்களே?"

"படம் போதாது சார். உங்க நோய்க்கு ரத்தத்துல அடையாளம் இல்ல. நீங்க வாயத் திறந்து சொன்னாத்தான் உண்டு. அதனால நகலுக்கும் வாய் வேணும். வலிக்குதுன்னு சொல்லணும்னா, அதுக்கு வலிக்கவும் தெரியணும்." ஷெரின் சற்று நிறுத்தினார். "அதனாலதான் சம்மதக் கையெழுத்து கேக்கிறோம்."

"யாரோட சம்மதமுங்க?"

"அதுவும் நீங்கதானே சார்."

கூரியர்காரனுக்குப் போடுகிற மாதிரி நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார் சென்னியப்பன். நகலுக்குப் பேச்சு பழக்க வேண்டும் என்று அவருடைய மூன்று வருடத் தொலைபேசி உரையாடல்களையும் கேட்டார்கள். மகளோடு, மாமனோடு, அக்காவோடு, சகலையோடு பேசியது அத்தனையையும் தூக்கிக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற மூளையைத்தான் உண்ணி தின்றுவிட்டதே.

அறுபத்தொன்றாவது வைத்தியம் சகலை தங்கமுத்துவினுடையது. தங்கமுத்து கோகிலவாணியின் தங்கை புருஷன். கோபியில் தென்னந்தோப்புக்குள் தேனீப் பெட்டி வைத்திருப்பவர். தேனீயை மூட்டிலும் முதுகிலும் கொட்டவிட்டால் லைம் வலி ஓடிவிடும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, ஒரு நடைக்கு நாற்பது கொட்டு, வாரம் மூன்று நடை என்று அட்டவணையே போட்டு ஷெரினுக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனிதர், ஆனால் முணுக்கென்றால் கோபம். ஒருமுறை அவர் வீட்டு விருந்தில் சென்னியப்பன் இரண்டாம் தடவை பாயசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை; அக்காளும் தங்கையும் போனில் அழுததுதான் மிச்சம். அன்றிலிருந்து சகலை தொட்ட எதற்கும் ஒரு 'ரொம்ப' சேர்த்துவிடுவது சென்னியப்பனின் பழக்கம். சகலை வீட்டு மாம்பழம் ரொம்ப இனிப்பு. சகலை வாங்கிய கார் ரொம்ப சொகுசு. நகலிடம் ஒவ்வொரு வைத்தியத்தையும், இன்னார் சொன்னது என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நாற்பது தேனீ கொட்டிய பிறகும் அது தங்கமுத்துவின் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டது.

இதை அந்த நிமிடமே ஷெரினிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ரொம்பச் சந்தோஷமுங்க டாக்டர்" என்று வந்தது.

வெளியே காத்திருக்கும் அறையில் கோகிலவாணியோடு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஹரிணி, இருபத்தாறு வயது, கைப்பந்துப் பயிற்சியாளர். ஜெர்மனியில் ஒரு பயிற்சி முகாமில் அவளையும் உண்ணி கடித்திருந்தது. இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. சென்னியப்பனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"திங்கக்கிழமை எனக்கு ஆரம்பிக்கிறாங்க அங்கிள். நாப்பது கொட்டு."

"உன்ற நகலுக்குக் குடுத்துப் பாத்துட்டாங்களா சாமி?"

"எனக்கு நகல் செய்ய இன்னும் ஆறு மாசம் ஆகுமாம். அது வரைக்கும் என்னால இருக்க முடியாது. நேரா எனக்கே போடுங்கன்னு நான்தான் எழுதிக் குடுத்துட்டேன். உங்க நகல் 'ரொம்ப'ன்னு சொல்லிருச்சுன்னு டாக்டர் நேத்தே சொன்னாங்க. அது போதும்." பிறகு சிரித்தாள். "எனக்கு எறும்பு கடிச்சாலே உதடு வீங்கும். அம்மாகிட்டச் சொல்லல. உங்கள நம்பித்தான் அங்கிள்."

சென்னியப்பன் உட்காரவில்லை. "ஏனுங்க, என்னங்க?" என்று கோகிலவாணி கேட்கக் கேட்க, வந்த வழியே திரும்பி ஷெரினின் அறைக்குள் போனார். அவர் பின்னாலேயே கோகிலவாணியும் வந்து கதவோரம் நின்றாள்.

விஷயத்தைச் சொல்ல அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்றார். ஆய்வகத்தின் காப்பி நன்றாக இருக்கிறது என்றார். இயந்திரத்தின் மேல் குற்றமே இல்லை என்றார். கடைசியில், "என்ற நகல் பொய் சொல்லுதுங்க" என்றார்.

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். நாங்க சொல்லிக் குடுக்கல."

"நான் சொல்லிக் குடுத்துட்டனுங்க."

தேவலையின் கதையை முழுவதும் கேட்டுவிட்டு ஷெரின் பழைய பதிவுகளைத் திறந்தார். பதினேழாவது வைத்தியம் வெறும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்தது. 'கொஞ்சம் தேவலைங்க.' முப்பத்தொன்பதாவதில் எதையுமே கொடுக்காமல் கேள்வி மட்டும் கேட்டிருந்தார்கள். அதற்கும், 'கொஞ்சம் தேவலைங்க.' மனசின் நம்பிக்கையால் வருகிற முன்னேற்றம் என்று ஷெரின் அதற்கு ஒரு கட்டுரையே எழுதியிருந்தார்.

"எங்க ஊர்ல வலிச்சா வலிக்குதுன்னுதான் சார் சொல்லுவோம்," என்றார் ஷெரின் மெதுவாக. திட்டியிருந்தால்கூடச் சென்னியப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி," என்று தொடர்ந்தார் ஷெரின். "திங்கக்கிழமைய நிறுத்தணும்னா எனக்கு உங்க சந்தேகம் போதாது. ஹரிணி கையெழுத்துப் போட்டாச்சு, அவங்க விடமாட்டாங்க. நகல் வாயாலயே வரணும். தேனீ கொட்டி முடிஞ்ச நிலையில அத அப்படியே நிறுத்தி வெச்சிருக்கேன். கேக்கிறது யாருங்கிறதுதான் இப்பப் பிரச்சினை. நீங்க யாருகிட்ட உண்மையச் சொல்லுவீங்க? ஒரு பேரு சொல்லுங்க, அவங்கள விட்டுக் கேக்கலாம்."

சென்னியப்பன் யோசித்தார். மகள்? கடல் தாண்டி இருக்கிறவள், பதறிப்போவாள். மில்லில் உடன் வேலை பார்த்த நண்பர்? அவருக்கே சர்க்கரை. குடும்ப டாக்டர்? பாவம், இவ்வளவு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சாமி? போன வெள்ளிக்கிழமை கோயிலில்கூட, எல்லாரையும் நல்லா வை, எனக்கு ஒன்றும் குறையில்லை என்றுதான் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். அறுபத்திரண்டு வயதில் ஒரு பெயர் அகப்படவில்லை.

"நான் கேக்கறனுங்க," என்றாள் கோகிலவாணி.

ஷெரின் அவளை ஒலிவாங்கியின் முன்னால் உட்கார வைத்து நகலை எழுப்பினார்.

"ஏனுங்க, மேலுக்கு எப்படியிருக்குது?"

ஒலிபெருக்கியிலிருந்து சென்னியப்பனின் குரல் கணீரென்று வந்தது. "எனக்கென்ன புள்ள, கல்லு மாதிரி இருக்கேன். நீ சாப்டியா?"

நாற்பது கொட்டு வாங்கிய உடம்பு அது. கோகிலவாணி எழுந்து, பின்னால் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சென்னியப்பனுக்கு அவள் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அந்த 'நீ சாப்டியா'வை அவர் எத்தனை தடவை இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். இனி அவளுக்கும் தெரியும்.

"நானே கேட்டுப் பாக்கறனுங்க டாக்டர்," என்று ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தார். "வணக்கமுங்க. நான் சென்னியப்பன்."

"அட, வாங்க வாங்க," என்றது நகல். "உக்காருங்க."

"தேனீ கொட்டுனது எப்படியிருக்குதுங்க?"

"ரொம்பத் தேவலைங்க. நம்ம சகலைக்குக் கைராசிங்க."

"கேக்கறது நானுங்க. என்றகிட்ட எதுக்குங்க மறைக்கறீங்க?"

"உங்க குரலு சோந்து கெடக்குதுங்களே. நீங்க தைரியமா இருக்கோணுமல்லங்க?"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னிடமே தான் ஏமாறுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். சிரித்து முடித்துவிட்டு ஒலிவாங்கியை இன்னும் கிட்டே இழுத்தார்.

"எனக்குத் தேவலை இல்லீங்க," என்றார். "மூணு வருசத்துல ஒரு நாளும் தேவலை இல்ல. காலைல கட்டிலை விட்டு எந்திரிக்கக் கால் மணி நேரம் ஆகுது. பேரன் வீடியோல வந்தா பேரு வாயில வரமாட்டேங்குது, தங்கம் தங்கம்னு சமாளிக்கறேன். போன மாசம் நம்ம வீதியிலயே வழி தெரியாம நின்னுட்டேன். காய் வாங்கப் போனேன்னு ஊட்டுல பொய் சொன்னேன். இப்படியே இருந்து செத்துப்போயிருவேன்னு பயமா இருக்குதுங்க."

பின்னால் நாற்காலி லேசாக முனகியது.

"நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றது நகல். "இது முடிஞ்சதும் என்னைய என்ன பண்ணுவாங்க?"

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டார். ஒண்ணும் பண்ணமாட்டாங்க, கவலைப்படாதீங்க என்ற வாக்கியம் சென்னியப்பனின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அறுபத்திரண்டு வருடப் பழக்கம். அதை விழுங்க அவர் பட்ட பாடு எந்தக் கஷாயத்துக்கும் பட்டதில்லை.

"அழிச்சிருவாங்க. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. இப்பப் பேசுறது எதுவும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதுக்குக் கையெழுத்துப் போட்டது நானுங்க. படிக்காமப் போட்டுட்டேன்."

நகல் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மீண்டும் பேசியபோது அதில் மரியாதை இல்லை, வாங்க போங்க இல்லை.

"எரியுது. முழங்கா வலி அப்படியே இருக்குது, அதுக்கு மேல இது வேற. தொண்டை அடைக்குது. மூச்சு வரமாட்டேங்குது. நிறுத்தச் சொல்லு. யாருக்கும் இதக் குடுக்க வேண்டாம். நிறுத்து."

ஷெரினின் கை அதற்குள் விசையை அழுத்தியிருந்தது. திரையில் ஓடிய நேரம் நின்றது, மூச்சுச் சத்தமும் நின்றது. அந்த நிலையை அழிக்கவா என்று திரை கேட்டதற்கு, அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேண்டாம் என்று அழுத்தினார். பிறகு ஹரிணியை உள்ளே கூப்பிட்டு, திங்கட்கிழமை இல்லை என்று சொன்னார்.

அவள் நன்றி சொல்லவில்லை. "இத மூணு வருசத்துல யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அங்கிள்," என்றாள். "நான் ஷூ எல்லாம் எடுத்துத் தொடச்சு வெச்சுட்டேன்." ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அறுபத்தொரு வைத்தியமும் போச்சு, அவள் நம்பிக்கையும் போச்சு, சென்னியப்பனின் நம்பிக்கையும் போச்சு. சகலைக்கு வேறு சொல்ல வேண்டும்.

மனைவியின் பக்கம் திரும்பினார். அழுவாள் என்று எதிர்பார்த்தார், இல்லையென்றால் திட்டுவாள். இரண்டுக்கும் தயாராக, "உன்னைய எதுக்கு வெசனப்படுத்தோணும்னுதான் புள்ள..." என்று ஆரம்பித்தார்.

கோகிலவாணி அவரைப் பார்க்கவில்லை. "டாக்டரம்மா," என்றாள், "இவரு எழுதிக் குடுத்தாரல்லங்க ஒரு ஃபாரம், அது இன்னொண்ணு இருக்குதுங்களா?"

"யாருக்கும்மா?"

அவள் வலது கையை மேசை மேல் வைத்து விரல்களை மடக்கினாள். பாதி தூரம் வந்து விரல்கள் நின்றுவிட்டன. அதற்கு மேல் வரவில்லை.

"மணத்தக்காளி பறிச்ச அன்னைக்கு எனக்கும் கடிச்சுதுங்க," என்றாள். "எடது கணுக்கால்ல. அதே மாதிரி வட்டமா."

"தெனமும் கேட்டனே," என்றார் சென்னியப்பன். "தெனமும் காலைல எந்திரிச்சதும் மேலுக்கு எப்படியிருக்குதுன்னு உன்னையக் கேட்டனே புள்ள."

"கேட்டீங்க. நல்லாருக்கேன்னு சொன்னேன்," என்றாள் கோகிலவாணி. "நம்பிட்டீங்க."

ஷெரின் படிவத்தை நீட்டினார். அவளால் பேனாவைப் பிடிக்க முடியாது என்பதால் சென்னியப்பன்தான் எழுத வேண்டியிருந்தது. அவள் சொல்லச் சொல்ல, சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதினார். கொடுத்த இரண்டு பக்கம் போதவில்லை. டாக்டர் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் தாள் எடுத்துவந்தார்.